உம்மாவின் பெயரில் கடை திறந்த எங்கள் வாப்பா

அன்புக்குரிய சொந்தங்களே, வாப்பாவோடு பழகிய நண்பர்களே,

வாப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. மௌத்தானவர்களுக்கு நினைவு மலர் வெளியிடுவது நமது வழக்கமில்லை என்று சிலர் சொன்னார்கள். "துஆச் செஞ்சாக் காணும் மகள், புத்தகம் என்னத்துக்கு?" என்று பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் அவர்களோடு தர்க்கிக்கவில்லை. எங்கள் துஆ அல்லாஹ்வுக்குப் போகிறது. இந்தப் பக்கங்கள் உங்களுக்காக எழுதப்பட்டவை.

என் தம்பியும் ஒரு வேண்டுகோள் வைத்தான். "ராத்தா, நல்லத மட்டும் எழுதுங்க. கடைக்கு வாற ஆக்களும் இத வாசிப்பாங்க."

வாப்பாவைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதினால், வாப்பா பட்ட பாட்டில் பாதியை இரண்டாம் முறையும் நாங்களே மறைத்ததாக ஆகிவிடும். மூத்த பிள்ளை என்ற உரிமையோடு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் பிழையும் இருக்கிறது. அது வரும் இடத்தில் அதையும் சொல்வேன்.

வாப்பா ஏறாவூரில் வாவிக்கரையை அண்டிய ஓர் ஒழுங்கையில் பிறந்தார்கள். அவர்களின் தந்தை சைக்கிளில் மீன் விற்றவர். ஐந்து பிள்ளைகளில் வாப்பா மூன்றாமவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு கலியாண வீட்டுச் சமையலில் கை பழகியது. அந்த வயதிலேயே நூறு பேருக்குச் சோறு வடிப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வாப்பாவுக்கு நேரே இளையவர் எங்கள் சாச்சா. நெல் வட்டைக்கு, வயல்வெளிக்கு, காவலுக்குப் போன சாச்சா திரும்பி வரவில்லை. அடக்க ஒரு மையத்துக் கூடக் கிடைக்கவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் வீடுகளில் பாதியிலாவது எண்ணிக்கையில் ஒருவர் குறைவு. மூன்று மாதம் கழித்து, இருபதாவது வயதில், வாப்பா இலங்கை இராணுவத்தில் சேர்ந்தார்கள்.

ஏன் சேர்ந்தீர்கள் என்று நாங்கள் கேட்டால், "துவக்குக் கேட்டுப் போனன். என்ட கையப் பார்த்திட்டு அகப்பையத் தந்தானுகள்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். துப்பாக்கி கிடைக்காதவரின் அந்தச் சிரிப்பைப் பார்க்க எங்களுக்கு விருப்பமிருக்காது.

இருபத்திரண்டு வருடம் வாப்பா முகாம் முகாமாகச் சமைத்தார்கள். சார்ஜன்ட் தரத்துக்கு உயர்ந்தார்கள். ஒருநாள் குசினிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து வெடித்ததில் இடது காது முற்றாகக் கேளாமற் போனது. அன்றைக்கும் மத்தியானச் சோறு நேரத்துக்குப் போனது என்பதைத்தான் வாப்பா பெருமையாகச் சொல்வார்கள். காதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஊருக்கு லீவில் வரும்போது சீருடையை எங்கோ வைத்துவிட்டுச் சாரமும் சேட்டுமாகத்தான் வருவார்கள். ஆனாலும் ஊருக்குத் தெரியும். வாப்பாவுக்குப் பெண் கொடுக்க மூன்று வீடு மறுத்தது. நாலாவது வீடுதான் உம்மாவின் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் இருக்கவில்லை. நான் "ஆமிக்காரன்ட மகள்." தம்பியை அந்தச் சொல்லைச் சொல்லியே அடித்தார்கள். உம்மா மூன்று பிள்ளைகளையும் தனியே வளர்த்தார்கள். கூரைக்கு ஓடு மாற்றியதும், என் சின்னத் தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியதும், எங்கள் பாட்டனார் மூத்தவாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ததும் உம்மாதான். வாப்பாவுக்கு அது எல்லாம் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்று வந்த வாப்பா பிரதான வீதியில் ஒரு கடையறையை எடுத்தார்கள். பெயர்ப்பலகை எழுத வந்தவர் பெயர் கேட்டபோது, "ஹாஜறா சாப்பாட்டுக் கடை எண்டு எழுதுங்க" என்றார்கள். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"என்ட பேரையா? ஊர் சிரிக்குமே."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருஷமா ஆள் இல்லாத வீட்ட நடத்தினது ஆரு புள்ள? நானா? பேர் உன்டதான்."

முதல் மூன்று மாதம் ஊர் சிரிக்கவுமில்லை, உள்ளே வரவுமில்லை. "ஆமிச் சாப்பாடு" என்று சொல்லிக் கடந்து போனார்கள். வடித்த சோற்றை வாப்பா பார்சல் கட்டிப் பஸ் நிலையத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். மறுநாளும் அதே அளவு அரிசிதான் போடுவார்கள். குறைத்துப் போடுங்கள் என்று உம்மா சொன்னால், "குறைச்சுப் போட்டா நானே இந்தக் கடைய நம்பல்ல எண்டு ஆகும்" என்பார்கள்.

அரிசிக்காக வாப்பா வவுணதீவுப் பக்கம் போனார்கள். அங்கே நல்ல சம்பா வைத்திருந்த ஒரு தமிழ் விவசாயியிடம் வாங்கத் தொடங்கினார்கள். இரண்டாம் தடவை போனபோது அந்த மனிதர் மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டாராம்.

"நீங்க ஆமியில இருந்த ஆளாமே?"

"ஓம். சோறு காய்ச்சினன்."

"அந்தச் சோத்தத் திண்டவங்கதான் என்ட மகனக் கூட்டிக்கிட்டுப் போனவங்க."

தன் தம்பியும் வராமற் போனவன்தான் என்று வாப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இதை உம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்கள். ஆனால் அடுத்த கிழமையும் அங்கேதான் போனார்கள். அவர் பேசாமல் அளந்து கொடுத்தார், வாப்பா பேசாமல் வாங்கிவந்தார்கள். கடைசி வரைக்கும் எங்கள் கடைக்கு அரிசி அவர் வீட்டு அரிசிதான். அவர் ஒருநாளும் எங்கள் கடையில் வந்து சாப்பிட்டதில்லை.

மெல்ல மெல்ல ஊர் வந்தது. வாவியில் பிடித்த இறாலைத் தேங்காய்ப்பாலில் போட்டு வாப்பா வைக்கும் ஆணத்தின் வாசத்துக்கு முன்னால் "ஆமிச் சாப்பாடு" என்ற சொல் நிற்க முடியவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வாசலில் ஆள் நிற்கத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஓட்டமாவடியில் ஒரு கடை போட்டார்கள். மட்டக்களப்பு நகரத்தில் தம்பி ஒன்று போட்டான். கிளை கேட்டு வந்த எல்லாருக்கும் வாப்பா கொடுத்தது ஒன்றுதான்: உம்மாவின் பெயர் எழுதிய பலகை, எங்கள் வீட்டில் நானும் உம்மாவும் வறுத்து அரைத்த கறித்தூள், தன் பக்கத்தில் நின்று ஒரு மாதப் பயிற்சி.

நிபந்தனைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து ஒட்டச் சொன்னார்கள். கிளையை எடுக்கும் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் குசினியில் நிற்கவேண்டும். பசியோடு வந்தவரிடம் முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடாது, ஒரு முட்டையாவது பொரித்துக் கொடுக்கவேண்டும். கிழமைக்கு ஒரு தடவை வாப்பா மடிப்புக் கலையாத சேட்டோடு கிளைகளைப் பார்க்கப் போவார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார்கள். மாமாவையும் நிறுத்துவார்கள். "மச்சான், நான் கடை முதலாளி" என்று மாமா சொன்னால், "முதலாளிக்கு நகம் வளராதா?" என்பார்கள். எங்கள் வீட்டில் அதிகம் சிரித்த வருடங்கள் அவை.

நாலாவது கடை சுனில் மாமாவுடையது. சுனில் மாமா வாப்பாவோடு பதினாலு வருடம் ஒரே குசினியில் சமைத்த சிங்களவர். வாப்பாவை அய்யே என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். மேற்கே போகும் பெரிய வீதியில், சிங்கள மக்கள் வாழும் ஓர் ஊர்ச் சந்தியில் அவருக்குக் காணி இருந்தது. அங்கே உம்மாவின் பெயரை மூன்று மொழியில் எழுதிப் பலகை ஏற்றினார்கள். திறப்பு நாளில் வாப்பா அழுததை நான் பார்த்தேன். "மகள், துவக்கால ஏலாத வேலைய நம்மட சோறு செஞ்சிருக்கு" என்றார்கள். அந்த நாளில் நானும் அதை நம்பினேன்.

பிறகு நாட்டில் காற்று மாறியது. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி ஓடியது. ஒருநாள் காலையில் சுனில் மாமாவின் கடையில் ஒருவன் சோற்றைக் கிளறிக் காட்டிப் படம் பிடித்து, பிள்ளை பெறாமற் போக இதில் மருந்து கலந்திருக்கிறது என்று போட்டான். பதினொரு மணிக்கு முன்னால் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சுனில் மாமா அழைப்பெடுத்துச் சொன்னதும் வாப்பா தம்பியோடு வேனில் புறப்பட்டார்கள். போகும்போது அலுமாரியைத் திறந்து ஓய்வுச் சான்றிதழையும் பதக்கப் பெட்டியையும் எடுத்தார்கள்.

"அது என்னத்துக்கு?" என்று உம்மா கேட்டார்கள்.

"காட்டினா விளங்கும்" என்றார்கள்.

அங்கே நடந்தது தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாப்பா கூட்டத்துக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்று, தன் படைப்பிரிவையும் தரத்தையும் சேவை இலக்கத்தையும் சிங்களத்தில் சொன்னார்களாம். பெட்டியைத் திறந்து காட்டினார்களாம். வாப்பா சேவையில் சேர்ந்த காலத்தில் பிறந்திருக்கவும் மாட்டாத ஒருவன், "எந்த நாட்டு ஆமி, மாமா?" என்று கேட்டானாம். கூட்டம் சிரித்தது. யாரோ கையைத் தட்டிவிட்டதில் பதக்கங்கள் தார் வீதியில் விழுந்தன. வாப்பா குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கதிரைகள் வெளியே பறந்தன. உம்மாவின் பெயர் எழுதிய பலகையைக் கயிறு போட்டு இழுத்து விழுத்தினார்கள். அதன் மேல் ஏறி நின்று படம் பிடித்தார்கள். கல்லும் அடியும் இருவர் மேலும் விழ, தம்பி வாப்பாவை இழுத்து வேனில் ஏற்றினான். சுனில் மாமா கடைக்கு உள்ளேயே நின்றார். வெளியே வரவில்லை.

சோற்றைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அதில் எதுவும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. அந்த முடிவை யாரும் படம் பிடித்துப் போடவில்லை.

வீட்டுக்கு வந்த வாப்பா கைகால் கழுவி, லுஹர் தொழுதுவிட்டு, பதக்கங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். ஒன்று குறைந்தது. அன்று பின்னேரம் வழக்கம்போல் கடைக்குப் போய் நின்றார்கள்.

கொஞ்ச நாளில் சுனில் மாமா கடையைத் திருத்தித் தன் பெயரில் பலகை போட்டார். பிறகு வாப்பாவிடம் பேசினார். தூள் வேண்டுமாம். பொதியில் எங்கள் பெயர் அச்சிட்ட தாள் இல்லாமல் அனுப்ப வேண்டுமாம். வாப்பா சரி என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அந்த ஆள் உள்ளுக்க ஒளிச்சு நிண்டவர் வாப்பா. அவருக்கு நான் ஏன் வறுக்கோணும்?"

"வெளிய வந்தா அவனையும் அடிச்சிருப்பானுகள் மகள்."

"அடி வாங்கியிருக்கட்டும். நீங்க வாங்கல்லையா?"

"அவன்ட புள்ளைகளும் திங்கோணுமே" என்று மட்டும் வாப்பா சொன்னார்கள். நான் வறுத்தேன். பெயரில்லாத பொதியில் கட்டினேன். ஒவ்வொரு கிழமையும் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே கட்டினேன்.

அதற்குப் பிறகு வெளியார் யாரும் எங்களுக்கு எதுவும் செய்யவில்லை. மிச்சத்தை நாங்களே செய்தோம்.

நகரத்துக் கடையிலும் வழிப்பயணிகள் குறைந்திருந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டு வாகனங்கள் வேகம் குறைத்து, பிறகு போய்விடுகின்றன என்று தம்பி சொன்னான். உம்மாவின் பெயரை எடுத்துவிட்டு எல்லாக் கடைக்கும் இங்கிலீசில் ஒரு பூவின் பெயரை வைக்கலாம் என்பது அவனுடைய யோசனை. மாமாவும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். தம்பி வாப்பாவின் இடது பக்கத்தில் இருந்தான். காது கேளாத அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, மாமாவோடு பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேசினான். வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். தன் பெயர்ப்பலகையை இறக்குவதைப் பற்றித் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே பேசுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் ஆணத்தை எடுத்து ஊற்றினேன்.

தம்பியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தாரில் பதக்கம் பொறுக்கிய வாப்பாவை நேரே கண்டவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் வாப்பாவின் வேலைக்காக அடி வாங்கினான், வளர்ந்த பிறகு உம்மாவின் பெயருக்காக அடி வாங்கினான். அவனுக்கு அலுத்துப்போயிருக்கலாம்.

சில மாதங்களில் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அந்த மூன்று கிழமைக்குள் பெயர் மாற்றும் காகிதங்கள் வந்தன. பங்குகளை வாப்பா முன்பே மாமாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் எழுதித் தந்திருந்ததால், எங்கள் மூவரின் கையொப்பமும் போதும் என்றார்கள். மாமா வைத்தார்கள், தம்பி வைத்தான். உம்மா, "வாப்பாட்டக் கேட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். "அவருக்கு இப்ப இதச் சொல்ல ஏலா உம்மா, டொக்டர் மனசக் குழப்ப வேணாம் எண்டிரிக்கார்" என்றான் தம்பி. உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். பேனையை என்னிடம் தந்தார்கள். நானும் ஒப்பமிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வாப்பாவை வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் பிரதான வீதியால் வந்திருக்கக்கூடாது. சாரதிக்கு அதைச் சொல்ல மறந்துபோனோம். கடைக்கு முன்னால் வந்ததும் வாப்பா இடது கையைத் தூக்கினார்கள்.

"நிப்பாட்டு."

வேன் நின்றது. குழறும் நாக்கோடு வாப்பா கேட்டார்கள்.

"இது ஆர்ட கடை?"

"நம்மடதான் வாப்பா" என்றான் தம்பி.

"அப்ப என்னத்துக்கு வேற பேரு?"

பின் ஆசனத்தில் இருந்த உம்மா, "எனக்கு அந்தப் பேர் அங்க இரிக்கிறது வெக்கமா இருந்திச்சு, நான்தான் எடுக்கச் சொன்னன்" என்றார்கள். உம்மா வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். வாப்பா அதை நம்பவில்லை. உம்மாவை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "போ" என்று சாரதிக்குக் கையால் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வாப்பா அந்தக் கடையில் சமைத்த ஒரு பருக்கையும் வாயில் வைக்கவில்லை. தம்பி நாள் தவறாமல் இறால் ஆணம் கொண்டுவந்தான். மூடியைத் திறக்கும் வாசத்திலேயே வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உம்மா வீட்டில் கரைத்துக் கொடுக்கும் கஞ்சியை மட்டும் குடித்தார்கள். தம்பியோடு கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. அவன் சலாம் சொன்னால் பதில் சொல்வார்கள், அவன் பிள்ளைகளை மடியில் வைத்திருப்பார்கள். ஆனால் கடையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நகம் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தம்பி தாங்கியிருப்பான். அந்த மௌனத்தில் அவன் மெலிந்துபோனான்.

கடைசிக் கிழமைகளில் என்னிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "சுனிலுக்குத் தூள் அனுப்பினியா மகள்?"

பலகைகள் மாறிய மாதமே நான் அனுப்புவதை நிறுத்தியிருந்தேன். என் சொந்தத் தம்பிமேல் காட்ட முடியாத கோபத்தை அந்த மனிதன்மேல் காட்டினேன். வாப்பாவிடம், "ஓம் வாப்பா, அனுப்பினன்" என்றேன். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதையே சொன்னேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவின் கை தன் கைக்குள் இருக்க, வாப்பா அமைதியாக மௌத்தானார்கள். வயது ஐம்பத்தைந்து.

ஜனாஸாவுக்குச் சுனில் மாமா வந்தார். மையவாடிக்கு வெளியே மதிலோரம் நின்று அழுதாராம். பிறகு வீட்டுக்கு வந்து உம்மாவின் முன்னால் தரையில் இருந்தார். அன்றைக்கு வெளியே வந்திருக்கவேண்டும், அக்கா, என்று அரைத் தமிழில் சொன்னார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுத்தேன். தூளை நிறுத்தியது வாப்பா அல்ல, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இதை யாரையாவது கொண்டு வாசித்துக் கேளுங்கள், சுனில் மாமா. வாப்பா கடைசி வரைக்கும் உங்களுக்கு அனுப்பச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி நன்றி சொல்லவேண்டும்.

மூன்று கிழமையும் ஆஸ்பத்திரிக்கு ஓடித்திரிந்த பக்கத்து வீட்டு வேன் சாரதிக்கும், வாப்பாவைத் தன் தகப்பன்போல் திருப்பிப் படுக்கவைத்த தாதிக்கும், எங்களோடு வெயிலில் நின்று மிளகாயும் மல்லியும் காயவைத்த ஒழுங்கைப் பெண்களுக்கும், மையத்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், நாற்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆமிக்காரன் என்று சொல்லி ஒதுங்கியவர்களும், துலுக்கன் என்று சொல்லிக் கல்லெறிந்தவர்களும் வாப்பாவின் சோற்றை ஒருநாளாவது சாப்பிட்டிருப்பார்கள். அவர்களிடம் நான் நன்றியும் எதிர்பார்க்கவில்லை, மன்னிப்பும் எதிர்பார்க்கவில்லை. வாப்பா யாருக்காவது மனம் நோகச் செய்திருந்தால், அதை மட்டும் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்.

இந்த மலரின் பின்னட்டையில் கடைகளின் விளம்பரத்தைப் போடலாம் என்று தம்பி கேட்டான். புதிய பெயரோடு, பூப் படத்தோடு, அழகாகச் செய்து அனுப்பியிருந்தான். நான் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. அவனும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பது அச்சுப் பிழை அல்ல.

வாப்பாவின் மூத்த மகள்
ஏறாவூர்